மூன்றாம் மாடி சுலபம் என்று நான் எழுதியது பற்றி

அன்பும் மரியாதையும் அவற்றைவிடக் கூடுதலாகப் பயமும் கொண்டு, சித்திக்கு உங்கள் அக்கா மகள் எழுதிக்கொள்வது.

இங்கு அப்பா, அம்மா, நான் மூவரும் நலம். அப்பாவுக்கு முதுகுவலி போன அன்றே அம்மாவுக்குத் தொண்டைக்கட்டு வந்தது, ஆகையால் வீட்டில் சத்தம் மட்டும் கொஞ்சம் குறைந்திருக்கிறது. அங்கு நீங்கள் நலமா என்று கேட்க எனக்குத் தகுதியில்லை. நாளைக் காலை பத்து மணிக்கு உங்கள் நலத்தைக் கெடுக்கப்போகிறவளே நான்தான்.

இதைச் சமையலறையில், ஃபிரிட்ஜுக்கும் சுவருக்கும் நடுவே உட்கார்ந்து எழுதுகிறேன். விளக்கைப் போட்டால் அம்மா எழுந்துவிடுவாள், அதனால் ஃபிரிட்ஜ் கதவைத் திறந்துவைத்து அந்த வெளிச்சத்தில் எழுதுகிறேன். இரண்டு நிமிடம் திறந்திருந்தால் அது பீப் பீப் என்று காட்டிக்கொடுக்கப் பார்க்கிறது, உடனே சாத்திவிட்டு இருட்டில் எழுதுகிறேன். எங்கெல்லாம் எழுத்து கோணியிருக்கிறதோ அங்கெல்லாம் இருட்டு என்று கொள்ளவும். விடிந்ததும் அம்மா குளிக்கப் போகும்போது அவள் போனில் படமெடுத்து உங்களுக்கு அனுப்பிவிட்டு, அனுப்பியதை அழித்துவிடுவேன். பதில் போட வேண்டாம். போட்டே தீர வேண்டுமென்றால் "சரி" என்று மட்டும் போடவும். "அடிப்பாவி" என்று போட்டால் அம்மா கேள்வி கேட்பாள்.

விஷயம் இதுதான். நீங்கள் செய்துகொண்டிருக்கும் சண்டை வீடியோ கேமில், தனியாக ஆடுகிறவர்களுக்கான பகுதியை மூன்று வாரமாக எனக்கு அனுப்பி, ஆடிப் பார்த்துப் படிவத்தில் கருத்து எழுதச் சொன்னீர்கள். "ரெண்டு பேர் பக்கத்துல பக்கத்துல உக்காந்து அடிச்சுக்கிட்டா எந்த கேமும் நல்லாத்தான்டி இருக்கும். துணைக்கு ஆளே இல்லாம ஒருத்தி உக்காந்து ஆடுறா பாரு, அவளுக்குப் புடிக்கணும். அதுதான் என் வேலை. உன்னத்தான் நம்பியிருக்கேன்" என்று போனில் சொன்னீர்கள். நானும் ஒன்பது மாடிகளைப் பற்றியும் மூன்று வாரமும் எழுதி அனுப்பினேன். சித்தி, நான் பார்த்தது மொத்தம் மூன்று மாடி. மூன்றாவதிலும் தரையில் மல்லாந்து கிடந்தபடி கூரையைத்தான் பார்த்தேன்.

முதல் நாள் எல்லாம் நன்றாகத்தான் ஆரம்பித்தது. மொட்டைமாடியில் துணி காய்கிறது, வானம் கறுத்துவிட்டது, கதாநாயகி ஒன்பது மாடி ஏறிப் போய்த் துணியை எடுக்க வேண்டும், மாடிக்கு ஒருவர் வழிமறிப்பார், அவரை அடித்து வீழ்த்தினால்தான் அடுத்த மாடி. இதைவிட நல்ல காரணம் ஒரு சண்டைக்கு இருக்க முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை. உலகத்தைக் காப்பாற்றப் போகிறவள் என்று சொல்லியிருந்தால் அம்மா திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டாள். துணி என்றதும் கையிலிருந்த வேலையை விட்டுவிட்டு வந்து நின்றாள். "ஏண்டி மழை வருதுங்கறான், நீ என்ன வாட்ச்மேன்கிட்ட வம்பளந்துகிட்டு நிக்கிற? தள்ளிவிட்டுட்டு ஏறுடி!" என்றாள். லிஃப்ட் பழுதுபார்க்கும் அப்பா இருக்கிற வீட்டுக்கு நீங்கள் இப்படி ஒரு விளையாட்டை அனுப்பியிருக்கக் கூடாது. கீழே லிஃப்ட் கதவில் "பழுது" என்று ஓர் அட்டை தொங்குகிறதே, அதைப் பார்த்ததும் அப்பா கொதித்துவிட்டார். "ஒம்போது மாடிக் கட்டடம். அட்டைய மாட்டிட்டுப் போயிருக்கான் பாரு. அந்த மெக்கானிக் எந்த மாடில இருக்கான்? அவன மொதல்ல அடிக்கச் சொல்லு" என்றார். அப்படி ஒருவர் ஆட்டத்தில் இல்லை என்றேன். "அப்ப ஆட்டம் சரியில்ல" என்று சொல்லிவிட்டு, எழுந்து போகாமல் அங்கேயே உட்கார்ந்துகொண்டார்.

முதல் மாடி வாட்ச்மேனை எட்டு முறையில் வென்றேன். தள்ளி நின்றால் அவருக்குக் கொட்டாவி வரும், அப்போது அடிக்கலாம் என்று கண்டுபிடித்தபோது எனக்கு ஏற்பட்ட பெருமையைக் கணக்குப் பரீட்சைகூடக் கொடுத்ததில்லை. இரண்டாம் மாடி சமையல்காரர் பதினாறு முறை. அவர் அடுப்பைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறவர். மூன்றாம் மாடியில்தான் அந்த ஜன்னல் துடைப்பவர், அந்த நீளக்கோல், நின்றுகொண்டிருந்தார். நான் ஓரடி வைப்பதற்குள் அவர் கோல் என் மூக்கைத் துடைத்துவிட்டது. முதல் வாரம் மட்டும் நாற்பத்து மூன்று தோல்வி.

நாற்பத்து நான்காவதாக உங்கள் படிவம் வந்தது. "மூன்றாம் மாடி எதிராளி: கடினமா, சரியா, சுலபமா?" என்று கேட்டிருந்தீர்கள். கடினம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் அன்று காலைதான் வகுப்பில் நான் கேம் பரிசோதிக்கிறவள் என்று சொல்லியிருந்தேன். பக்கத்து பெஞ்சுக்காரி, "நீயா? பல்லி விழுந்தாலே பெஞ்சு மேல ஏறி நிப்ப, நீ சண்ட போடறியா?" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சிரித்தாள். அந்தச் சூட்டோடு வந்து, "சுலபம். கொட்டாவி வந்தது" என்று எழுதினேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இந்த நுணல் படிவம் நிரப்பிக் கெட்டது. நீங்கள் "அடேங்கப்பா! சரி, பாத்துக்கறேன்" என்று பதில் போட்டீர்கள். அடுத்த வாரம் நீளக்கோல் கையில் ஒரு வாளியும் இருந்தது.

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாளி வந்த பிறகு கடினம் என்றால், போன வாரம் சுலபம் என்றது பொய்யோ என்று சந்தேகம் வருமே என்று பயந்து, "வாளி இருந்தும் சுலபமே" என்று எழுதினேன். மூன்றாம் வாரம் அவர் தரையெல்லாம் சோப்பு நுரையை ஊற்றிவிட்டார். நான் வழுக்கிக்கொண்டே போய் அவர் கோலில் நானாக முட்டிக்கொள்கிறேன், அவர் சிரமப்பட வேண்டிய அவசியமே இல்லை. அதைவிடக் கொடுமை, இப்போது நான் பட்டனைத் தொட்ட மாத்திரத்தில் அவருக்குத் தெரிந்துவிடுகிறது. என் விரல் என்ன நினைக்கிறது என்று ஒட்டுக்கேட்கிறார் சித்தி. யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் என்று படித்திருக்கிறேன். நான் வாரம் தவறாமல் லாரி வைத்துக் கொட்டிக்கொண்டேன்.

மேல் மாடிகளைப் பற்றி எழுதியதெல்லாம் படிவத்தில் இருந்த பெயர்களை வைத்துக் கற்பனை செய்தது. ஏழாம் மாடி பாட்டு டீச்சர் கையால் அடிப்பது அதிக வேகம் என்று எழுதினேன். "அவ எங்கடி கையால அடிச்சா? பாட்டாலதானே அடிப்பா?" என்று நீங்கள் கேட்டீர்கள். அன்று இரவு எனக்குத் தூக்கமில்லை. மறுநாள் நீங்களே, "யோசிச்சுப் பாத்தேன். நீ சொல்றதும் நல்லாத்தான் இருக்கு. கையும் குடுத்துட்டேன்" என்றீர்கள். என் பொய்யால் ஒரு டீச்சர் கை நீட்டப் பழகிவிட்டார்.

இதெல்லாம் எனக்குள்ளேயே மக்கிப் போயிருக்கும். இன்று மாலை நீங்கள் அம்மாவிடம் பேசியதுதான் என் தலையில் இடியை இறக்கியது. ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்தேன். "தனியா யாரு ஆடப்போறா, அத தூக்கிடுங்கன்னு எங்க மேனேஜர் ஒத்தக் கால்ல நிக்கிறாருக்கா. நாளைக்குப் பத்து மணிக்கு அவரே உக்காந்து ஆடப்போறாரு. நடுவுல எழுந்துட்டாருன்னா என் ரெண்டு வருஷ வேலை குப்பைக்குத்தான். ஆனா எனக்கு பயமில்ல. சுலபம், சுலபம், சுலபம்னு உன் பொண்ணு மூணு வாட்டி எழுதிக் குடுத்துட்டாளே" என்றீர்கள். அம்மா என்னை ஏறிட்டுப் பார்த்தாள். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள், பரீட்சையில் தேறிய மாணவரைப் பார்க்கிற அதே பார்வை. தண்ணீர் குடிக்கப் போன எனக்குப் புரையேறியது.

ஆகவே சித்தி, அலுவலகத்துக்குச் சீக்கிரம் போய், அந்த நீளக்கோலிடமிருந்து வாளியைப் பிடுங்குங்கள், நுரையைத் துடையுங்கள், ஒட்டுக்கேட்பதை நிறுத்துங்கள். இல்லாவிட்டால் மேனேஜர் மூன்றாம் மாடியிலேயே எழுந்துவிடுவார்.

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். நூற்றுப் பன்னிரண்டு முறை தோற்றும் நான் ஆட்டத்தை விட்டு எழுந்திருக்கவில்லை. தோற்றாலும் ஏன் தொடர்ந்து ஆடினாய் என்று இத்தனை நாள் நீங்கள் படிவத்தில் கேட்டிருந்தும் நான் எழுதவே இல்லை, தோற்றதையே மறைத்தவள் அதை எப்படி எழுதுவது? பள்ளியில் தோற்றால் பெஞ்சுக்காரி சிரிப்பாள். இங்கே தோற்றால் நீளக்கோல் ஒன்றும் சொல்லாமல் நான் தரையிலிருந்து எழும்வரை கோலை ஊன்றிக்கொண்டு காத்திருக்கிறார். அது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. அப்புறம் அந்தக் கீழ்த்தளம், வண்டிகள் நிற்கிற இடத்தில் பழைய மெத்தையைத் தொங்கவிட்டு இஷ்டத்துக்குக் குத்திப் பழகலாமே, அதை யாரும் எடுத்துவிடக் கூடாது. அம்மா அதைப் பார்த்துவிட்டு, "இது வெவரம் தெரிஞ்சவங்க செஞ்சதுடி. காலி மைதானத்துல வண்டிய அணைச்சு அணைச்சு ஓட்டினாத்தான் கிளட்ச்சு பழகும். பக்கத்துல உக்காந்து கத்துனா பழகாது" என்று சொன்னாள். பிறகு தானே கன்ட்ரோலரை வாங்கி, மெத்தையிடம் தோற்றாள். மெத்தையிடம் தோற்க முடியும் என்பது உங்களுக்குத் தெரியுமா? அப்பாவுக்கு மட்டும் ஒரு குறை. தோற்றதும் ஏன் தோற்றோம் என்று ஒரு வார்த்தை காட்ட வேண்டுமாம். "லிஃப்ட்டு நடுவுல நின்னா உள்ள இருக்கறவன் மேல போகணும்னு கூட கேக்க மாட்டான். ஏன் நின்னுதுன்னு சொல்லுய்யான்னுதான் கேப்பான்" என்கிறார்.

இவ்வளவு நாளும் வீட்டுப்பாடம் முடித்துவிட்டு மூன்றாம் மாடிக்குப் போய் அடி வாங்குவது எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது. தனியாக இருக்கிறேன் என்று ஒரு நாளும் தோன்றவில்லை. பொய் சொன்னதுதான் தனிமையாக இருந்தது.

மற்றவை நேரில், நீங்கள் என்னோடு பேசுவதாக இருந்தால். பெரியவர்களை வாழ்த்த எனக்கு வயதில்லை, ஆகவே உங்களையும், உங்கள் கணினியையும், மேனேஜரின் பொறுமையையும் வணங்கி முடிக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நம்பிக்கையைக் கெடுத்த,
அக்கா மகள்

பி.கு.: சித்தி, நிறுத்துங்கள். எதையும் மாற்ற வேண்டாம். மேலே எழுதியதில் நான் பொய் சொன்னேன் என்பது மட்டும் உண்மை, மற்றதெல்லாம் ரத்து.

கடிதத்தை மடித்த பிறகு, நீளக்கோல் என்னென்ன செய்கிறார் என்று சரியாகக் குறித்து அனுப்பலாமே என்று கூடத்துக்குப் போய், சத்தத்தை அணைத்துவிட்டு ஒரே ஓர் ஆட்டம் போட்டேன். பாதியில் பின்னால் காலடிச் சத்தம். அம்மாவோ என்று பயந்து கன்ட்ரோலரிலிருந்து விரலை எடுத்துவிட்டேன். ஒரு பட்டனையும் அழுத்தவில்லை. திரையில் நானும் அசையவில்லை, ஒட்டுக்கேட்க ஒன்றும் கிடைக்காமல் நீளக்கோலும் அசையவில்லை. அப்பாதான், தண்ணீர்ச் செம்போடு. "ஏம்மா அடிக்காம நிக்கிற?" என்றார். "மூச்சு விடாதீங்கப்பா" என்றேன். இருவரும் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தோம். நீளக்கோல் எங்களைச் சற்று நேரம் பார்த்தார், தலையைச் சொறிந்தார், பிறகு திரும்பி, ஜன்னலைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார்! "அட, வேலக்காரன்யா!" என்றார் அப்பா. நான் ஓடிப்போய் நான்கு அடி போட்டேன். விழுந்தார். எழுந்தார். கோலை ஓரமாகச் சாய்த்துவிட்டு எனக்காகப் படிக்கட்டுக் கதவைத் திறந்து பிடித்தார். சித்தி, இதை நீங்கள் உள்ளே வைத்திருக்கிறீர்கள் என்று சொல்லவே இல்லையே! வாளி இருக்கட்டும், நுரை இருக்கட்டும், நூற்றுப் பன்னிரண்டு தோல்வியும் இருக்கட்டும். ஒன்று குறைந்திருந்தாலும் நான் இப்படிக் குதித்திருக்க மாட்டேன்.

பொய் சொன்னதையெல்லாம் அப்பாவிடம் சொல்லிவிட்டேன். அவர் "ம்" என்றார். காதில் விழுந்ததா என்று தெரியவில்லை, ஏனென்றால் அதற்குள் கன்ட்ரோலர் அவர் கைக்குப் போய்விட்டது. நாலாம் மாடியில் ஆறு முறை விழுந்துவிட்டார். காலை ஆறு மணிக்கு அவருக்கு வேலை, இப்போது மணி மூன்று. போய்ப் படுங்கள் என்று மூன்று முறை சொல்லிப் பார்த்துவிட்டேன், எழுந்திருக்க மாட்டேன் என்கிறார். உங்கள் மேனேஜரும் எழுந்திருக்க மாட்டார்.