நாற்பத்து மூன்று நிமிஷ நிசப்தம்

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணியிலிருந்து சரியாக நாற்பத்து மூன்று நிமிஷம், தன் வீட்டில் ஊசி விழுந்தாலும் கேட்க வேண்டும் என்று செவிச்செல்வர் சபதம் எடுத்தார். மலையை நகர்த்துவதாகச் சபதம் எடுத்திருந்தால் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். அவர் மனைவி டிரைவிங் ஸ்கூலில் மாஸ்டர். எதிரே லாரி வந்தால் ஹாரன் அடிக்க மாட்டாள். வாயைத் திறப்பாள், லாரி ஒதுங்கிவிடும்.

செவிச்செல்வர் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல, அவரே சூட்டிக்கொண்டது. பகலெல்லாம் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பார். மிச்ச நேரமெல்லாம் இசைதான். ஊரே முணுமுணுக்கிற பாட்டு என்றால் காதைப் பொத்திக்கொள்வார். பத்துப் பேருக்குத் தெரிந்துவிட்டால் பாட்டு ஊசிப்போய்விட்டது என்பது அவர் கட்சி. யாருக்கும் தெரியாத இசைக்குழுக்களைப் பற்றி ‘செவிச்செய்தி’ என்று வாராவாரம் இணையத்தில் ஒரு மடல் அனுப்புவார். முந்நூற்றுப் பன்னிரண்டு வாசகர்கள். அதில் ஒருவர் பல் டாக்டர். இவரைப் போலவே பித்து, இவரைவிட நல்ல ஸ்பீக்கர். ஆகவே ஜென்ம விரோதி.

இவர்கள் இருவரும் விழுந்து கும்பிடுகிற குழுவுக்கு ‘ஈரச்சுவர்’ என்று பெயர். அண்ணனும் தங்கையும் மட்டும்தான் குழு. இந்த முறை புது ஆல்பத்தை ஐம்பதே ஐம்பது கேசட்டில் வெளியிட்டிருந்தார்கள். ஒன்று இவருக்கு வந்தது, ஒன்று பல் டாக்டருக்குப் போனது. அட்டையின் உள்பக்கம் தங்கை கைப்பட எழுதியிருந்தாள்: ‘தாராளமாக நகலெடுத்துப் பரப்புங்கள். ஞாயிறு மாலைக்குள் எங்களுக்கும் அனுப்புங்கள். எங்களுக்கு மிகவும் பிடித்த நகலுக்கு, அடுத்த ஆல்பம் பதிவாகும் அறையில் ஒரு நாற்காலி.’

அந்த நாற்காலி செவிச்செல்வரைப் பாடாய்ப் படுத்தியது. பதினோரு வருஷமாக அந்த அண்ணனுக்கு இருமல் வந்ததைக்கூடச் செய்தியாகப் போட்டவர். அந்த அறையின் மூலையில் உட்கார்ந்து ஒரு பாட்டு பிறப்பதைக் கேட்டுவிட்டால் பிறவிப்பயன் கிடைத்துவிடும் என்று மனதார நம்பினார்.

ஆனால் அவரிடம் இருந்த டேப் ரிக்கார்டர் அவருக்கு மூத்தது. வயர் சொருகும் ஓட்டை எப்போதோ தூர்ந்துவிட்டது. பாட்டை ஓடவிட்டு, எதிரே செல்போனை வைத்துத்தான் பதிய வேண்டும். வீட்டில் யார் மூச்சு விட்டாலும் அதுவும் சேர்ந்து ஆல்பத்தில் ஏறிவிடும். மனைவியிடம் விஷயத்தைச் சொல்லலாம். சொன்னால் சிரிப்பாளே என்று சொல்லவில்லை. திட்டம் போட்டார்.

கடையில் போன மாதம் சேர்ந்தவரை எல்லோரும் ‘புதுசு’ என்பார்கள். இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், பத்து வருஷமாகக் கார் ஓட்டுகிறவர். செவிச்செல்வர் அவர் கையில் காலில் விழுந்து, கார் கற்றுக்கொள்ள வந்தவராக நடிக்கச் சொன்னார். ஞாயிறு காலை ஒன்பதே முக்காலுக்கு மனைவியின் செல்போன் அடித்தது.

“யாரோ புது ஆளுங்க. இன்னைக்கே ரெண்டு மணி நேரம் ஓட்டிப் பாக்கணுமாம்” என்றாள்.

“ஐயோ, லீவு நாள்லகூட உன்னை விட மாட்டேங்கிறாங்களே!” செவிச்செல்வரின் குரலில் துக்கம் வழிந்தது.

“வேணாம்னு சொல்லிடட்டுமா?”

“சேச்சே! கல்வி கேட்டு வர்றவனைத் திருப்பி அனுப்பலாமா? பாவம்.”

மனைவி அவரை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்தாள். கார் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

செவிச்செல்வர் பம்பரமாகச் சுழன்றார். ஃபேனை நிறுத்தினார். கடிகாரத்தைத் துண்டில் சுற்றிப் பரணில் ஏற்றினார். ‘மூடிய அறை எதிரொலிக்கும்’ என்று அவரே மடலில் மூன்று பாகமாக எழுதியிருந்ததால், பின்கட்டில் சந்துப் பக்கம் இருந்த ஜன்னலைத் திறந்துவைத்தார். அறையில் அவரும் இருக்க முடியாது. பாட்டு கேட்டால் தலையாடும், தலையாடினால் கூடவே ‘ஆகா’ வரும். பொத்தான்களை அழுத்திவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, முன்வாசலில் போய்க் காவல் நின்றார். காலிங்பெல்லை நோக்கிக் கை நீட்டிய இரண்டு பேரைச் சைகையாலேயே விரட்டினார். பதினோரு வருஷமாகக் கும்பிட்ட குழுவின் புது ஆல்பம் உள்ளே ஓடியது. அவர் தெருவைப் பார்த்து நின்றார்.

நாற்பத்து மூன்று நிமிஷம் கழித்துப் பதிவைக் காதில் மாட்டிக் கேட்டார். முதல் பாட்டு அமிர்தம். இரண்டாவது பாட்டில், அண்ணனின் கிடார் மெல்ல அழ ஆரம்பிக்கிற இடத்தில், ஜன்னல் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது.

“பின்னாடி பாரு. யாராவது வர்றாங்களா?”

“யாரும் வரலைங்க மேடம்.”

“யாரும் வரல இல்ல? அப்புறம் ஏன் நிக்கிற?”

“தெரியலைங்க மேடம்.”

லாரியை ஒதுக்குகிற அதே குரல், சாட்சாத் மனைவிதான். கடைசிப் பாட்டு வரைக்கும் அதே குரல். ‘திரும்பணும்னா திரும்பிடு, யோசிக்காத.’ ‘உன் பாதை எது, அவன் பாதை எது?’ நடுநடுவே புதுசின் ‘தெரியலைங்க மேடம்.’ இன்னொரு முறை பதியலாம் என்று ஓடினார். டேப் ரிக்கார்டர் இரண்டாவது நிமிஷத்தில் கேசட்டை நூடுல்ஸாக்கித் துப்பிவிட்டது.

மாலை நெருங்கியது. பல் டாக்டர் தன் நகலை ஏற்கெனவே அனுப்பிவிட்டு, எல்லோருக்கும் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தார். ஒன்றுமில்லாததற்கு ஓட்டை நகல் மேல் என்று செவிச்செல்வரும் தன்னுடையதை அனுப்பினார். வாசகர்களுக்கு மட்டும், கூசாமல், ‘இது சிறப்புப் பதிப்பு’ என்று ஒரு வரி சேர்த்தார்.

திங்கட்கிழமை மதியத்துக்குள் அந்த நகல் முந்நூற்றுப் பன்னிரண்டு பேரைத் தாண்டி நாலாயிரம் பேரிடம் போயிருந்தது. ‘அப்புறம் ஏன் நிக்கிற என்ற வரியைக் கேட்டு அழுதுவிட்டேன், இன்றே வேலையை ராஜினாமா செய்கிறேன்’ என்று ஒருவர் எழுதினார். ‘டாக்டரின் நகல் தண்ணீர் மாதிரி சுத்தம், ருசியும் அதே’ என்று இன்னொருவர். செவிச்செல்வர் அதைப் பதினேழு தரம் படித்தார்.

புதன்கிழமை ஈரச்சுவரிடமிருந்தே கடிதம் வந்தது. ‘எங்கள் ஆல்பத்தில் ஏதோ குறைகிறது என்று தவித்துக்கொண்டிருந்தோம். அது அந்தக் குரல்கள்தான். அடுத்த ஆல்பத்தில் அந்த அம்மாவும் அந்த ஐயாவும் பேச வேண்டும். நாற்காலி உங்கள் நகலுக்குத்தான். அதில் யார் உட்காருவது என்பதை அந்த அம்மாவே சொல்லட்டும்.’

செவிச்செல்வர் ஒரு டம்ளர் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு மனைவியிடம் போனார். அவள் கூடத்தில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

“உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்.”

“புதுசு விஷயமா?”

“உனக்கு... அவனைத் தெரியுமா?”

“ஏறி உக்காந்ததும் பைலேர்ந்து மஞ்சள் துணியை எடுத்து, ரியர்வியூ கண்ணாடியை வட்டம் வட்டமாத் துடைச்சான். ஓட்டக் கத்துக்க வர்றவன் ஸ்டியரிங்கைப் புடிப்பான். கண்ணாடியைத் துடைக்கிற ஒரே ஜாதி உங்க கடைக்காரங்கதான். துணியில கடைப் பேரே போட்டிருக்கு. உங்க சட்டைப் பையிலயும் அதேதான். நாலு நிமிஷத்துல எல்லாத்தையும் கக்கிட்டான்.”

“தெரிஞ்சுமா சந்துல கொண்டாந்து நிறுத்தின?”

“ஜன்னலுக்கு நேரா. ரிவர்ஸ் பழகறதுக்கு அதைவிட நல்ல எடம் எது?”

“ஏன்டி இப்படிப் பண்ணின?”

அவள் துணியைக் கீழே வைத்தாள். “ஒரு வார்த்தை, ‘கொஞ்ச நேரம் சும்மா இரு, எனக்கு இது முக்கியம்’னு சொல்லியிருந்தா வாயில துணியை வெச்சுக்கிட்டு உக்காந்திருக்க மாட்டேனா? எவனையோ புடிச்சு வந்து என்னைத் தொரத்தி விட்டீங்க. லீவு நாள் பூரா போச்சு.”

நியாயமான கேள்வி. செவிச்செல்வர் தலையைக் குனிந்துகொண்டார். உண்மையிலேயே வெட்கமாகத்தான் இருந்தது. அந்த வெட்கத்தோடேயே கடிதத்தை நீட்டினார். அவள் நிதானமாக இரண்டு தரம் படித்தாள்.

“தப்புதான். மன்னிச்சுடு. ஆனா அந்த நாற்காலி... பதினோரு வருஷம்மா.”

“நானும் புதுசும் போய்ப் பேசறோம். பேசறவங்க எப்படி, உக்காந்துக்கிட்டா பேசுவாங்க?”

“இல்ல இல்ல, மைக் முன்னாடி நின்னுதான் பேசணும்!” செவிச்செல்வர் துள்ளிக் குதித்தார். “நீங்க ரெண்டு பேரும் நிப்பீங்க. அப்போ நாற்காலி காலிதானே?”

“காலியா எப்படிங்க இருக்கும்?” என்றாள் மனைவி. “என் கைப்பையை எங்க வெக்கிறது?”