ஒரே ஆளிடம்தான் சொன்னேன்

அல்லாஹ்விடம் துஆ கேட்கும்போது அளவையும் சேர்த்துக் கேட்டுவிட வேண்டும். அவன் தாராளமானவன். கேட்பவன் அரைகுறையாக இருந்தால் என் கதைதான்.

என் தங்கை சலீமா ஊட்டியில் ஒரு கல்லூரியில் மருந்தியல் கற்றுத்தருகிறாள். செல்லுக்குள் செய்தி கடத்தும் என்சைம்களைப் பற்றி ஆராய்ச்சி. (பத்தாவதோடு வர்க்கி பிஸ்கட் கடையில் உட்கார்ந்தவன் நான். செய்தி கொண்டுவருகிறவர் என்றால் எனக்குத் தபால்காரர்தான்.) போன வருடம் புரொபசர் பதவிக்காக, சென்னையிலிருந்து வரும் நிபுணர் முன்னால் அவள் பேச வேண்டியிருந்தது. முந்தின நாள் காலையில் போன் வந்தது.

"அண்ணே, காலேஜ் லீவு. ஹாலுக்கு ஈ காக்காகூட வராது. அந்த மனுசன் என்ன நெனைப்பாரு?"

குரல் உடைந்திருந்தது. மனசு கேட்குமா? அன்றைய ஜும்ஆத் தொழுகையில் ஹால் நிறைய வேண்டும் என்று உருகிக் கேட்டேன். வெளியே வந்ததும் டீக்கடை மணியிடம், "நாளைக்குத் தங்கச்சி மருந்தப் பத்திப் பேசுதுங்க, வாங்க" என்றேன். சத்தியமாக அவர் ஒருவரிடம்தான்.

மறுநாள் ஹாலில் நிற்க இடமில்லை. கைகளில் எக்ஸ்ரே, சர்க்கரை ரிப்போர்ட், மாத்திரைப் பை. பக்கத்து ஊரான வெலிங்டனிலிருந்து ஒரு வேனே வந்திருந்தது. முன்வரிசையில் நிபுணருக்குப் பக்கத்தில் காய்கறிக்கடை லட்சுமியக்கா முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். (நிபுணர் தும்மிக்கொண்டிருந்தார்.)

"என்னக்கா இது?"

"இலவச மருத்துவ முகாமாமே தம்பி! டோக்கன் எங்க தர்றாங்க?"

சலீமா பேச ஆரம்பித்ததுமே பின்னாலிருந்து ஒரு குரல். "ஏனுங்க டாக்டரம்மா, ஊசியா, மாத்திரையா?"

நிபுணர் பேனாவை மூடினார். எனக்குத் தெரிந்த துஆவெல்லாம் மறந்து, இழவு வீட்டில் சொல்வது மட்டும் வாயில் வந்தது.

"ரெண்டும் இல்லீங்க. முகாமுன்னு யாரு சொன்னாங்க?" என்றாள் சலீமா.

ஊசி கேட்டவர் ஆட்டோக்காரரைக் காட்ட, ஆட்டோக்காரர் லட்சுமியக்காவைக் காட்ட, லட்சுமியக்கா மணியைக் காட்ட, மணி எழுந்து என்னைக் காட்டினார். "இவருதானுங்க!"

ஹாலே என்னைத் திரும்பிப் பார்த்தது.

சலீமா நிபுணரைப் பார்த்துச் சிரித்தாள். "சார், செல்லுக்குள்ளயும் இதேதான் நடக்குது. வெளியே ஒரு சின்னத் தகவல் வந்து தட்டும். முதல் என்சைம் பக்கத்துல இருக்கறதக் கிளப்பிவிடும், அது இன்னும் பலதக் கிளப்பிவிடும். கடைசில செல்லே எந்திரிச்சு நிக்கும். அளவு மீறினா நோய். அத அடக்கற மருந்தத்தான் நான் தேடறேன். முதல் என்சைம், எங்க அண்ணன்."

நிபுணர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டுப் பேனாவைத் திறந்தார்.

லட்சுமியக்கா விடவில்லை. "அப்ப இவர அடக்க மருந்து இருக்குதா அம்மணி?"

"அண்ணியும் ரொம்ப வருசமாத் தேடறாங்கக்கா. கெடைக்கல."

அல்ஹம்துலில்லாஹ், பதவி கிடைத்தது. ஆனால் அந்தச் செய்தியைச் சொந்தபந்தம் எல்லோருக்கும் சொல்லி முடித்த பிறகுதான் எனக்குப் போன் செய்தாள். இன்றைக்கும் மாப்பிள்ளை பார்க்கும் பேச்சோ நகை வாங்கும் பேச்சோ வீட்டில் நடந்தால், வாசலில் நான் செருப்பைக் கழற்றும் சத்தத்துக்கே உள்ளே என் மனைவியின் குரல் கேட்கும்:

"என்சைம் வந்துடுச்சு, பேச்ச மாத்துங்க!"