விளக்கு அணைந்த இடத்தில் எப்படி நிறுத்துவது?

மைசூர்,
புதன்கிழமை

சிரஞ்சீவி சேகரனுக்கு, அத்திம்பேர் வெங்கடராமன் அநேக ஆசீர்வாதங்களுடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அக்கா சீதாலக்ஷ்மியும் க்ஷேமம். பெங்களூரில் உன் க்ஷேமத்துக்கும் உன் பதிப்பகத்தின் க்ஷேமத்துக்கும் தினமும் பகவானைப் பிரார்த்திக்கிறேன். இதில் இரண்டாவது பிரார்த்தனையை இந்த மாதம் கொஞ்சம் சுருக்கிக்கொண்டிருக்கிறேன். காரணம் கீழே வருகிறது, கோபித்துக்கொள்ளாதே.

எங்கள் குடியிருப்புச் சங்க அறையில் உன் அக்கா கெஞ்சிக் கூத்தாடி ஒரு பீரோ போட்டு, நீ அனுப்பிய சிறுவர் நாவல்களைக் கன்னடம் ஒரு தட்டு, இங்கிலீஷ் ஒரு தட்டு என்று அடுக்கியது உனக்குத் தெரியும். பள்ளிக்கூட லைப்ரரியிலேயே காலத்தைக் கழித்தவள். ரிடையர் ஆன பிறகு அவள் முகத்தில் அப்படி ஒரு களையை நான் பார்த்ததில்லை. ஆனால் ஒரு குழந்தையாவது பீரோ பக்கம் வரவேண்டுமே! சங்கச் செயலாளர் மஞ்சுநாத் தங்கமான மனிதர். தங்கமான மனிதர்கள் சொல்கிற மாதிரியே சிரித்துக்கொண்டு சொன்னார்: "மேடம், பேஜார் பண்ணிக்காதீங்க. மாசக் கடைசிக்குள்ள ஒரு மகு, ஒரே ஒரு குழந்தையாவது புக் எடுத்துட்டுப் போகலேன்னா, பீரோவை எடுத்துட்டு கேரம் போர்டு போட்டுடலாம். ஆய்தா?" ஆயிற்று என்று தலையாட்டிவிட்டு வந்தவள் அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவில்லை. அந்தச் சமயம் பார்த்துத்தான் கண் ஆபரேஷனும் வந்து, ஓர் எழுத்துகூடப் படிக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அப்போது நீ போனில் ஒரு யோசனை சொன்னாய். "அத்திம்பேர், அக்காவுக்குப் பதிலா நீங்க படிங்கோ. குழந்தைகளைக் கூப்பிட்டு முதல் அத்தியாயம் மட்டும் வாசிச்சுட்டு டக்குனு மூடிடுங்கோ. மிச்சத்துக்கு அவாளே புஸ்தகத்தைப் பிடுங்கிண்டு போயிடுவா. இதைவிட நல்ல சிபாரிசு உண்டா?" கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மூடவேண்டியவன் யார் என்பதை நீ யோசிக்கவில்லை. நான் யார் பிள்ளை? எங்கள் அப்பா பாராயணம் செய்தால், யாரும் கஷ்டத்தில் இருக்கிற கட்டத்தில் புஸ்தகத்தை மூடமாட்டார். ஒரு நல்ல செய்தி, ஒரு நல்ல சகுனம் வரும்வரை படித்துவிட்டுத்தான் கற்பூரம் ஏற்றுவார். சாதம் ஆறினாலும் சரி, ஆபீஸுக்கு நேரமானாலும் சரி. அந்த வழக்கம் என் ரத்தத்தில் ஊறிக் கிடக்கிறது.

முதல் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் குழந்தைகள் ஜமக்காளத்தில் உட்கார்ந்தார்கள். உன் அக்கா கறுப்புக் கண்ணாடியுடன் நாற்காலியில். தீவில் மாட்டிக்கொண்ட அண்ணன் தங்கை கதை. முதல் அத்தியாயக் கடைசியில் படகு உடைகிறது. உடைந்த படகில் இரண்டு குழந்தைகளை விட்டுவிட்டு எப்படியப்பா மூடுவது? சரி, கரை சேர்த்துவிட்டு மூடலாம் என்று அடுத்த அத்தியாயத்துக்குப் போனேன். கரை சேர்ந்தார்கள், தங்கைக்குக் காய்ச்சல். காய்ச்சல் இறங்கட்டும் என்று படித்தேன். இறங்கியது, அண்ணனைக் காணோம். சேகரா, உங்கள் எழுத்தாளர்களுக்கு ஈவு இரக்கமே கிடையாதா? முன்வரிசையில் உட்கார்ந்திருந்த உமேஷின் அம்மா அவனைச் சாப்பிடக் கூப்பிட வந்தவள் கதவருகிலேயே நின்றுவிட்டாள். கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கிய ஸ்மிதாவின் அப்பா பையைக்கூடக் கழற்றாமல் கேட்டார். கடைசிப் பக்கத்தில் கப்பல் வந்து எல்லோரையும் ஏற்றிக்கொண்ட பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. ஒரே கைதட்டல். "புஸ்தகம் யாருக்கு வேணும்?" என்றேன். "கதைதான் முடிஞ்சோயித்தே தாத்தா, இன்னும் எதுக்கு?" என்றான் உமேஷ். வீட்டுக்கு வந்ததும் உன் அக்கா, "ஏன்னா, நீங்க புஸ்தகத்தை சிபாரிசு பண்றேளா, தீர்த்துக் கட்டறேளா?" என்று கேட்டாள்.

அடுத்த வாரம் சாமர்த்தியமாக நடந்துகொண்டேன். முதல் அத்தியாயம் பயங்கரமாக முடிந்ததும், ஒரே தாவலாகக் கடைசிப் பக்கத்துக்குப் போய், 'எல்லோரும் சுகமாக வீடு திரும்பினார்கள்' என்ற வரியைப் படித்து மூடிவிட்டேன். எனக்குப் பரம திருப்தி. குழந்தைகளுக்கும் பரம திருப்தி. சுகமாகத் திரும்பியாயிற்று என்று அவர்களும் சுகமாக வீடு திரும்பினார்கள். அன்று ராத்திரி உன் அக்கா எனக்கு வெறும் மோர் சாதம்தான் போட்டாள்.

போன ஞாயிறுதான் கடைசி வாய்ப்பு. குகைக் கதை. ஒரு பெண் குகைக்குள் தனியாகப் போகிறாள், வெளியே வெள்ளம், கையிலிருந்த விளக்கு அணைந்துவிடுகிறது, அத்தியாயம் முடிகிறது. உன் அக்கா தொண்டையைக் கனைத்தாள். மூடியே ஆகவேண்டும். விளக்கு அணைந்த இடத்தில் என்னால் மூட முடியாது. என்ன செய்தேன் தெரியுமா? புஸ்தகத்தைப் பார்த்துப் படிக்கிற மாதிரியே, 'அப்போது அவள் அம்மா பெட்ரோமாக்ஸ் விளக்கும் சூடான இட்லியும் எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்தாள். எல்லோரும் க்ஷேமம்' என்று சொந்தமாக இரண்டு வரி சேர்த்து மூடிவிட்டேன். குழந்தைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எதிர்வீட்டு சைத்ரா மட்டும், "வெள்ளத்துல இட்லி நனையலையா?" என்று கேட்டாள். மூடி போட்ட பாத்திரம் என்று சொல்லிச் சமாளித்தேன். யாரும் புஸ்தகம் கேட்கவில்லை. உன் அக்கா நாற்காலியை மடக்கி வைத்துவிட்டுத் தனியாக வீட்டுக்கு நடந்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை. எனக்கு மிகவும் வெட்கமாக இருந்தது.

ஆகவே சேகரா, இந்தக் கடிதத்தின் நோக்கம் இதுதான். உங்கள் எழுத்தாளர்களைக் கூப்பிட்டுப் பக்குவமாகச் சொல். ஒவ்வோர் அத்தியாயமும் யாராவது சாப்பிட்டுவிட்டுத் தூங்கப் போவதோடு முடியட்டும். எழுதிவிட்டவற்றை அடுத்த பதிப்பிலாவது திருத்தட்டும். பீரோவைத் தூக்க சனிக்கிழமை ஆள் வருகிறது. அதற்கு முன் நீ மஞ்சுநாத்துக்குப் பதிப்பகத்தின் பெயரில் போன் பண்ணி இரண்டு வார்த்தை சொன்னால், அக்காவுக்கு நீ செய்யும் பெரிய உபகாரமாக இருக்கும்.

உன் ஆத்துக்காரிக்கும் குழந்தைகளுக்கும் எங்கள் ஆசீர்வாதம். நீங்கள் எல்லோரும் நல்ல கட்டத்திலேயே எப்போதும் இருக்க வேண்டும்.

இப்படிக்கு
அத்திம்பேர் வெங்கடராமன்

பி.கு.: கவர் வாங்க மறந்துபோனதால் இது இன்னும் மேஜை மேலேயே கிடக்கிறது. நல்லதாகப் போயிற்று. மேலே எழுதிய எதையும் செய்யாதே. நேற்று சைத்ரா வந்து, "அந்த புக் கொடுங்க தாத்தா, இட்லி எந்தப் பக்கத்துல இருக்குன்னு நான் நோடிப் பார்க்கணும்" என்று வாங்கிக்கொண்டு போனாள். இன்று சாயங்காலம் முழுப் புஸ்தகத்தையும் முடித்துவிட்டு கேட் அருகில் நின்று, "இட்லியும் இல்லே, அம்மாவும் இல்லே, தாத்தா சுள்ளு சொல்லிட்டார்!" என்று ஊரைக் கூட்டிவிட்டாள். சுள்ளு என்றால் பொய். அவ்வளவுதான், பிள்ளைகள் எல்லோரும் பீரோவை மொய்த்துவிட்டார்கள். வரும் ஞாயிறு நான் எந்தப் புஸ்தகத்தை எடுத்தாலும் பொய்யைக் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டுமாம், அதற்காக முன்கூட்டியே எல்லாவற்றையும் படித்து வைத்துக்கொள்கிறார்களாம். மஞ்சுநாத்தின் பையன் இரண்டு கொண்டுபோயிருக்கிறான். உன் அக்கா போய்க் காலித் தட்டுகளைக் கையால் தடவித் தடவிப் பார்த்தாள். கண்ணாடிக்குள் கண் கலங்கியது, சொட்டு மருந்து என்றாள். பிறகு வீட்டுக்குத் திரும்பும்போது மெதுவாகச் சொன்னாள்: "ஏன்னா, வர ஞாயித்துக்கிழமைக்கு இன்னும் கொஞ்சம் பெரிய பொய்யா யோசிச்சு வையுங்கோ."