சம்பந்தி வெடி வைத்தாரா, பூமி வழுக்கியதா

மதிப்பிற்கும் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் பயத்திற்கும் உரிய அக்காவுக்கு,

தம்பியின் வணக்கம். இங்கே நானும் என் மனைவியும் உன் மருமகளாகிய என் மகளும் உடம்பளவில் நலம். அங்கே நீ நலம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. மாமாவின் முழங்கால் வலி மட்டும் மேலே ஏறாமல் முழங்காலிலேயே இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். போனில் நீ பேசுவாய், நான் கேட்பேன். ஐம்பத்திரண்டு வருஷமாக அதுதான் நடைமுறை. இப்போது சொல்லப்போகும் விஷயத்தில் என் வாக்கியங்களை நானே முடித்தாக வேண்டியிருக்கிறது. விஷயம் உன் மகனைப் பற்றியது. உட்கார்ந்துகொண்டு படி.

போன ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது பதினாலுக்கு எங்கள் சாப்பாட்டு மேஜையில் சம்பந்தி உட்கார்ந்திருந்தார். உன் மருமகள் கல்யாணத்துக்கு இன்னும் ஐந்தே வாரம், மண்டபத்தில் நாற்காலியை வட்டமாகப் போடுவதா வரிசையாகப் போடுவதா என்று பேச வந்திருந்தார். அவர் கல் குவாரி வைத்திருப்பது உனக்குத் தெரியும். குவாரிக்குக் கீழே இருக்கிற வீடுகளின் சுவரெல்லாம் விரிசல் விட்டதால், மூன்று மாதத்துக்கு வெடியே வைக்கக்கூடாது, மீறினால் உரிமம் ரத்து என்று மேலிடத்து உத்தரவு வந்திருப்பது தெரியாது. நான்தான் உன்னிடம் சொல்லவில்லை. சரி, நாற்காலி வட்டத்துக்கு வந்த நேரத்தில், ஒரு லாரி வீட்டுக்குள் புகுந்து, தப்பான வீடு என்று தெரிந்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டு பின்னோக்கியே போன மாதிரி ஒரு ஆட்டம். அலமாரியில் தட்டெல்லாம் பேசிக்கொண்டன. நான் வீட்டுத் தலைவன் என்ற பொறுப்போடு மேஜைக்கு அடியில் பாய்ந்தேன். அங்கே சம்பந்தி ஏற்கெனவே இருந்தார். வெளியே பெண்கள் இரண்டு பேரும் டீ சிந்தாமல் கோப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மேஜைக்கு அடியிலேயே சம்பந்தி என் கையைப் பிடித்து, "சத்தியமா சொல்றேன் சம்பந்தி, இது நம்ம குவாரி இல்ல. மூணு மாசமா அங்க ஒரு பலூன்கூட வெடிக்கல" என்றார். பெரிய மனுஷன் தவழ்கிற நிலையில் சத்தியம் செய்தால் நம்பாமல் இருக்க முடியுமா? நம்பினேன்.

அன்று மத்தியானமே உன் மகன், அந்த அமுக்கன், லேப்டாப்போடு வந்து இறங்கினான். நிலநடுக்க ஆய்வு மையத்தில் வேலை என்று நீ எல்லாரிடமும் பெருமையடித்துக்கொள்கிறாயே, அந்த வேலைதான் வந்தது. மலையைச் சுற்றி ஆறு இடத்தில் அவர்கள் ஒவ்வொரு டப்பா வைத்திருக்கிறார்கள். பூமி அசைந்தால் அந்த டப்பா கோடு போட்டு எழுதி வைக்கும். அதில் ஒன்று எங்கள் ஸ்டோர் ரூமில் ஒரு வருஷமாக உட்கார்ந்திருக்கிறது. அடியில் நல்ல பாறையாம். "மாமா, ஆட்டம் சின்னதுதான். ஆனா அது எப்படி வந்ததுன்னு கண்டுபிடிச்சு அறிக்கை கொடுக்கணும். உங்க வீட்டு டப்பாதான் ரொம்பக் கிட்ட இருக்கு. அது சொல்றதுக்குத்தான் மதிப்பு அதிகம்" என்றான். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. என் வீட்டிலிருந்து ஒரு பொருளாவது மதிக்கப்படுகிறதே!

குளிர்ந்த உச்சியில் திங்கட்கிழமை இடி விழுந்தது. காலையில் அவன் ஒரு தாளில் வட்டம் போட்டு, முழுசாகக் கறுப்படித்துக்கொண்டிருந்தான். என்னடா என்றேன். அவன் சொன்னதை எனக்குப் புரிந்தபடி சொல்கிறேன், நீயும் புரிந்துகொள். நிலம் ஆடும்போது முதல் அசைவு மேலேயா கீழேயா என்பதில்தான் எல்லாமே இருக்கிறதாம். வெடி என்றால் சுற்றியிருக்கிற எல்லாவற்றையும் வெளியே தள்ளும். ஆகையால் எந்தப் பக்கம் டப்பா வைத்தாலும் முதல் அசைவு மேலேதான். நிஜ நிலநடுக்கம் என்றால் ஆழத்தில் ஒரு பாறை இன்னொரு பாறைமேல் வழுக்குகிறது. அது ஒரு பக்கம் தள்ளும், ஒரு பக்கம் இழுக்கும், ஒரே போர்வைக்குள் படுத்த புருஷன் பெண்டாட்டி மாதிரி. அப்போது சில டப்பாவில் மேலே, சிலதில் கீழே. மேலே எழுதிய பக்கத்துக்குக் கறுப்பு, கீழே எழுதிய பக்கத்துக்கு வெள்ளை என்று ஒரு பந்து வரைவார்கள். அந்தப் பந்தைப் பார்த்தால் பாறை எந்தத் திசையில் உடைந்து எப்படி வழுக்கியது என்று தெரிந்துவிடுமாம். "சரிடா, இதுல வெள்ளை எங்க?" என்றேன். "இல்ல மாமா. ஆறு டப்பாவும் மேலேன்னுதான் சொல்லுது" என்றான். "அப்படின்னா?" "வெடி மாதிரி இருக்கு." அக்கா, என் வீட்டுச் சோற்றைத் தின்று, என் ஸ்டோர் ரூமிலிருந்தே சாட்சி எடுத்து, என் சம்பந்தியைக் கூண்டில் ஏற்றிவிட்டான் உன் பிள்ளை!

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. என் மனைவியிடம் மட்டும் சொன்னேன். ஆகையால் செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கே சம்பந்தி வாசலில் நின்றார். செருப்பைக் கழற்றவில்லை. "எங்க அந்த விஞ்ஞானி? நான் உங்க மேஜைக்கு அடியில இருந்தேன்யா! மேஜைக்கு அடியில இருந்துக்கிட்டா குவாரியில வெடி வைப்பேன்?" என்று ஒரே கூச்சல். உன் பிள்ளை பல் தேய்த்துக்கொண்டே வந்து, "நீங்க எங்க இருந்தீங்கன்னு அது எழுதாது சார், நிலம் எப்படி அசைஞ்சுதுன்னுதான் எழுதும்" என்றான், வாயில் நுரையோடு. சம்பந்திக்கு முகம் செங்கல்லாகிவிட்டது. என் பக்கம் திரும்பி, "புரியுது சம்பந்தி. பொண்ணுக்கு அத்தை பையன் ஒருத்தன் வீட்டுக்குள்ள இருந்தா இப்படியெல்லாம் கோடு விழத்தான் செய்யும். இவனுக்குப் பொறாமை. வெடின்னு அறிக்கை போச்சுன்னா என் குவாரி போச்சு. குவாரி போச்சுன்னா இந்தக் கல்யாணமும் போச்சு. பார்த்துக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் ஆடிப்போய் உன் மருமகளைப் பார்த்தேன். அவள் சிரிக்கிறாள்! "இவனுக்கா? என்மேலயா? சின்ன வயசுல என் பென்சில் பாக்ஸைப் பிரிச்சுப் பார்த்துட்டு, திரும்பப் பொருத்தத் தெரியாம பாதியில குடுத்தவன்ப்பா" என்றாள். சிரித்தவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மத்தியானம் சாப்பிட வரவில்லை. மாப்பிள்ளைப் பையனை அவளுக்கு உண்மையிலேயே பிடித்திருக்கிறது, அக்கா.

ஆனால் உன் பிள்ளைக்கே அந்தக் கறுப்புப் பந்து ஜீரணமாகவில்லை போலிருக்கிறது. "வெடின்னா முதல் அலை பெருசா இருக்கும், பின்னால வர்ற அலை சின்னதா இருக்கும். இதுல பின்னால வர்றதுதான் பெருசா இருக்கு. இடிக்குதே" என்று முனகிக்கொண்டே இருந்தான். புதன்கிழமை முழுக்க லேப்டாப்பை விட்டு எழுந்திருக்கவில்லை. அது என்ன செய்கிறது தெரியுமா? பொய்யாக ஒரு பூகம்பம் செய்கிறது. இத்தனை ஆழத்தில், இந்தத் திசையில், இவ்வளவு சாய்வாகப் பாறை உடைந்து, இப்படி வழுக்கியிருந்தால் ஆறு டப்பாவும் என்ன கோடு போட்டிருக்கும் என்று கணக்குப் போட்டு, டப்பா நிஜமாகப் போட்ட கோட்டின்மேல் வைத்துப் பார்க்கிறது. பொருந்தவில்லையா, தூக்கிப் போட்டுவிட்டு அடுத்தது. தையல்காரர் கையைத் தூக்கச் சொல்லி, இறக்கச் சொல்லிச் சட்டை பார்ப்பாரே, அந்த மாதிரி ஆயிரக்கணக்கில். எட்டிப் பார்த்த என் மனைவி, "ஒரு நிஜத்தைக் கண்டுபிடிக்க இத்தனை பொய்யாப்பா? உங்க மாமா ஒரு பொய்யைக் காப்பாத்தத்தான் இத்தனை பொய் சொல்வாரு" என்றாள். நான் அப்போது அதைப் பொருட்படுத்தவில்லை.

சாயங்காலம் நாலு மணி இருக்கும். "மாமா, இங்க வாங்க" என்று ஒரு குரல். போனேன். திரையில் ஆறு கோடு கறுப்பில், அதன்மேல் ஆறு கோடு சிவப்பில். ஐந்தில் சிவப்பும் கறுப்பும் ஒட்டிப் பிறந்த மாதிரி இருந்தன. "ஆறு கிலோமீட்டர் ஆழம், ஒரு பக்கப் பாறை சரிஞ்சு கீழ இறங்கியிருக்கு. சுத்தமா பொருந்துது. இந்த ஆறாவதை மட்டும் பாருங்க" என்றான். பார்த்தேன். சிவப்பு மேலே போனால் கறுப்பு கீழே போகிறது, சிவப்பு கீழே வந்தால் கறுப்பு மேலே. அளவெல்லாம் அச்சு அசல். குளத்துத் தண்ணீரில் தலைகீழாகத் தெரிகிற மாதிரி. "யாரு வீட்டு டப்பாடா இது?" என்றேன், தெரிந்துகொண்டே. அவன் என்னையே பார்த்தான். நீ சின்ன வயசில் சர்க்கரை டின்னைத் திறந்துவைத்து என்னைப் பார்ப்பாயே, அதே பார்வை. "மாமா, ஸ்டோர் ரூமுக்கு எப்ப பெயிண்ட் அடிச்சீங்க?"

அக்கா, ஒளிப்பதற்கு இனி என்ன இருக்கிறது. இருபது நாளுக்கு முன்னால் கல்யாண வீடாச்சே என்று ஸ்டோர் ரூமுக்கும் வெள்ளையடித்தோம். பெயிண்டர் டப்பாவை நகர்த்தச் சொன்னார். அதிலிருந்து சிவப்பு ஒன்று, கறுப்பு ஒன்று, இரண்டு கம்பி வருகிறது. இரண்டையும் நானே கழற்றினேன். வேலை முடிந்து வந்து பார்த்தால் இரண்டு கம்பியுமே வெள்ளை. பெயிண்டர் அவற்றையும் விட்டுவைக்கவில்லை. எது எதில் என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். உன் பிள்ளைக்குப் போன் பண்ணிக் கேட்டிருக்கலாம். கேட்டால் மாமாவுக்கு இதுகூடத் தெரியவில்லையா என்று நினைப்பானே என்று, இரண்டும் கம்பிதானே, கைக்கு வந்ததை வந்த இடத்தில் மாட்டிவிட்டேன். பச்சை விளக்கு எரிந்தது. நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். பார்த்தால், அன்றிலிருந்து பூமி மேலே போனால் என் டப்பா கீழே என்று எழுதியிருக்கிறது. பூமி கீழே போனால் மேலே என்று. ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு அடியில் நிலம் கீழேதான் இறங்கியிருக்கிறது. மேலே என்று புளுகியது டப்பா இல்லை, நான். ஒரு கம்பியை மாற்றி மாட்டி என் சம்பந்தியைக் குற்றவாளியாக்கி, என் மகளைப் பட்டினி போட்டு, உன் பிள்ளையைப் பொறாமைக்காரன் ஆக்கிவிட்டேன். அந்த ஸ்டோர் ரூமிலேயே உட்கார்ந்துவிட்டேன் போ.

ஆனால் பார், நான் உடனே எல்லாரையும் கூப்பிட்டு என் வாயாலேயே ஒத்துக்கொண்டேன். சம்பந்திக்கும் போன் போட்டு, "தப்பு என்மேல பாதி, பூமிமேல பாதி, உங்கமேல ஒண்ணுமில்ல" என்றேன். அவர் அழுதேவிட்டார். மகள் இரண்டு தட்டு சாப்பிட்டாள். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு உண்மையைச் சொல்லி நல்ல பேர் வாங்கியிருக்கிறேன். இதை நீயும் நாலு பேரிடம் சொல்ல வேண்டும். இப்போது உன்னிடம் ஒரே ஒரு வேண்டுகோள். உன் பிள்ளை அறிக்கையை இன்னும் அனுப்பாமல் எதையோ சரிபார்த்துக்கொண்டு அமுக்கிக்கொண்டிருக்கிறான். நீ ஒரு அதட்டுப் போடு. அது போனால்தான் சம்பந்தி நிம்மதியாக நாற்காலி எண்ண முடியும்.

மாமாவுக்கு என் வணக்கம். பெரியவர்கள் நீங்கள் இரண்டு பேரும் நேரில் வந்து குழந்தைகளை வாழ்த்துங்கள். வரும்போது என்னைத் திட்டுவதற்கென்று ஒரு அரைமணி நேரத்தைத் தனியாக ஒதுக்கி வையுங்கள், கல்யாண நேரத்தில் கலந்துவிட வேண்டாம்.

என்றும் உனக்கு அடங்கிய,
தம்பி

பி.கு.: நேற்று எழுதிய கடிதத்தை ஒட்டுவதற்குள் இன்று வெள்ளிக்கிழமை விடிந்துவிட்டது. மேலே உள்ளதில் நலம் விசாரித்த வரியைத் தவிர மீதியை அடித்துவிட்டதாக நினைத்துக்கொள். அதட்டவும் வேண்டாம். நீ நேற்றே அதட்டிவிட்டாயாமே! என் மனைவி உனக்குப் போன் பண்ணினாளாம், நீ அவனுக்குப் போன் பண்ணி, "எதையும் விடாம எல்லாத்தையும் இன்னிக்கே அனுப்பு" என்றாயாம். பிறந்ததிலிருந்து அவன் உன் பேச்சைக் கேட்டது இந்த ஒரு தடவைதான். என் கம்பி தலைகீழ் என்று தெரிந்ததும், வெள்ளையடித்த நாளிலிருந்து என் டப்பா எழுதிய எல்லாவற்றையும் நிமிர்த்திப் போட்டுப் பார்த்திருக்கிறான். அதே ஞாயிற்றுக்கிழமை பதினொன்று இருபதுக்கு இன்னொரு சின்ன ஆட்டம். ஜன்னல் கிணுகிணுத்தது எங்களுக்கும் கேட்டது. பெரிசு வந்தால் குட்டியும் வரும் என்று நாங்களே விளக்கம் சொல்லிக்கொண்டோம். அதில் ஐந்து டப்பா மேலே, என்னுடையது மட்டும் கீழே என்றிருந்ததால், நிஜ நடுக்கம்தான் என்று அவனும் ஓரமாக வைத்திருந்தானாம். என்னுடையதை நிமிர்த்தினால் ஆறும் மேலே, அக்கா. ஆறும்! கணக்குப் பண்ணிப் பார்த்தால் ஆழம் ஒன்றுமே இல்லை, குவாரியின் தரை. என் ஒரு கம்பி பூகம்பத்தை வெடியாக்கி, வெடியைப் பூகம்பமாக்கி வைத்திருந்திருக்கிறது. நான் உண்மையைச் சொன்னதும் இரண்டும் தன் தன் இடத்துக்குப் போய்விட்டன.

காலையிலேயே சம்பந்தி போன் பண்ணினார். மறுக்கக்கூட இல்லை. "உங்க வீட்டுல டீ குடிச்சுட்டு வெளிய வந்ததும் தோணிச்சு சம்பந்தி. காலையில பூமியே ஒரு தடவை ஆடிடுச்சு. இன்னொரு தடவை ஆடினா அதையும் பூமி கணக்குலதானே எழுதுவாங்க? வெடிக்குன்னு போட்ட குழியெல்லாம் சும்மாவே கிடந்துச்சு. உங்க மாப்பிள்ளைதான் பக்கத்துல நின்னு பார்த்துக்கிட்டாரு" என்றார். அதோடு விடவில்லை. "ஒரு சின்ன உதவி. முதல் ஆட்டம் முடிஞ்ச கையோட அந்தக் கம்பியை நீங்க சரியா மாத்தி மாட்டிட்டீங்கன்னு எழுதிக் குடுத்துட முடியுமா?"

போன் ஸ்பீக்கரில் இருந்தது. பக்கத்தில் உன் மருமகள் நின்றாள். நிச்சயமான நாளிலிருந்து அவரை வாய் நிறைய மாமா, மாமா என்றுதான் கூப்பிடுவாள். போனை என் கையிலிருந்து மெதுவாக வாங்கினாள். "அப்பா எழுதிக் குடுக்க மாட்டாரு சார். உங்க பையனை எனக்குப் போன் பண்ணச் சொல்லுங்க சார்" என்றாள்.

இரண்டு சார், அக்கா.