முப்பத்தாறு அடிக்குள் ஒன்பது குழி

ஒரு காட்டில் ஒரு பலாமரம் இருந்தது. காடு என்றால் சிங்கம் இருக்க வேண்டுமே என்பீர்கள். சிங்கம் குகையைக் காலி செய்துவிட்டுப் போய் வெகுகாலம் ஆகிறது. அந்த மலைச்சரிவில் இப்போது இருந்தது ஒரு ரிசார்ட். சிங்காரம் என்ற நரி அதற்கு மேனேஜர்.

பலாமரம் கெம்பையன் என்ற கரடியுடையது. உடையது என்றால் பட்டா கிட்டா ஒன்றும் கிடையாது. ஒவ்வோர் ஆனி மாதமும் அவனுக்கும் அவன் மனைவிக்கும் அந்த மரத்தடியில்தான் சாப்பாடு. அவள் பழத்தைத் தட்டிப் பார்த்து எது பழுத்தது என்று சொல்வாள். அவன் ஏறிப் பறிப்பான். அவள் போன பிறகு தட்டுகிற வேலையும் அவன் தலையில் விழுந்தது. அதையும் கற்றுக்கொள்ளத் தொடங்கிய வருஷத்தில், ரிசார்ட்டுக்காரர்கள் சரிவு முழுவதையும் வேலி போட்டு வளைத்து, புல்லை மழித்து, கோல்ஃப் மைதானம் ஆக்கிவிட்டார்கள். மரம் ஒன்பதாவது குழிக்குப் பக்கத்தில் உள்ளே மாட்டிக்கொண்டது. ஆனி வந்தது. வாசனை மட்டும் வேலி தாண்டி வந்தது.

கெம்பையன் வாசலில் போய்க் கேட்டான். ஆடுகிறவர்களுக்கு மட்டும்தான் அனுமதி என்றான் சிங்காரம். சரி, ஆடுகிறேன் என்றான் இவன். ஆட்டம் இருவர் ஜோடியாக வந்தால்தான் என்று நரி படிவத்தை நீட்டியது. ‘இரண்டாமவர் பெயர்’ என்ற கட்டத்தைக் கெம்பையன் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு காட்டுப்பன்றி மூக்கனின் பெயரை எழுதினான்.

வேறு ஆள் கிடைக்கவில்லை. மானுக்கு வேலை இருந்தது. முள்ளம்பன்றியைப் பக்கத்தில் உட்காரவைத்து மைதானத்து வண்டியை ஓட்ட முடியாது. மூக்கன் நல்லவன்தான். ஆனால் மண்ணைக் கண்டால் அவன் மூக்கு சும்மா இராது. போன இடமெல்லாம் கிழங்கு தேடிக் குழி பறித்துவிடுவான். அந்தக் குழிகளில் இடறாத கால் அந்தக் காட்டில் இல்லை.

உள்ளே போகும் முன் கெம்பையன் அவன் காதைப் பிடித்துச் சொன்னான்: “தம்பி, உன்னை நம்பிக் கூட்டிட்டு வந்திருக்கேன். குழி மட்டும் பறிச்சுடாதே.”

“உங்களுக்குப் போய் நான் குழி பறிப்பேனா அண்ணே?” என்றான் மூக்கன். சொல்லும்போதே மூக்கு அரித்தது.

உள்ளே ஒரு பலகை இருந்தது. ‘ஒன்பது குழிகளையும் முப்பத்தாறு அடிக்குள் முடிக்கும் ஜோடிக்கு ஆண்டு முழுவதும் அனுமதி. முடிக்காதவர்கள் மறுபடி வர வேண்டாம்.’

ஜோடிக்கு ஒரு மட்டை, ஒரு பந்து. கெம்பையன் அடித்த முதல் அடியில் மட்டை பறந்துபோய் வேலியில் தொங்கியது. பந்து வைத்த இடத்திலேயே இருந்தது. மாறி மாறி அடித்தார்கள். பத்தொன்பது அடி முடிந்தபோது முதல் குழியின் கொடி இன்னும் அடுத்த ஊர்க் கோபுரம் போல எட்டத்தில் தெரிந்தது. மிச்சம் பதினேழு அடி, ஒன்பது குழி. கெம்பையன் புல்லில் உட்கார்ந்துவிட்டான். பலாவாசனை வந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

மூக்கன் பலகைக்குத் திரும்பிப் போய் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு வந்தான்.

“அண்ணே, அந்தக் கொடியே இங்கேருந்து முந்நூறு அடி இருக்கும். ஒன்பது குழியும் முப்பத்தாறு அடிக்குள்ளன்னு போட்டிருக்கான். நம்மளை அவ்வளவு தூரம் யார் போகச் சொன்னா?”

அது மட்டையால் அடிக்கிற அடி என்று கெம்பையன் விளக்கினான். அப்படி எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டான் மூக்கன். எங்கேயும் எழுதியிருக்கவில்லை.

கெம்பையன் மெல்ல எழுந்தான். குதிகாலும் விரலும் ஒட்ட, தன் பாதத்தால் அளந்து நடந்தான். நாலு அடிக்கு ஒருமுறை நின்றான். நின்ற இடத்திலெல்லாம் மூக்கன் மூக்கை வைத்தான். மட்டையால் ஒன்பதே அடியில் ஒன்பது குழியிலும் பந்து விழுந்தது.

சிங்காரம் டேப்புடன் ஓடி வந்தான். யாருடைய அடி என்று கேட்டுவிட்டு அவனே அளந்தான். முப்பத்தாறுக்குக் குறைவாகவே இருந்தது. மட்டை அடியை எண்ணினான், இருபத்தெட்டு. அடிக்கு மூன்றாவதாகவும் ஓர் அர்த்தம் உண்டு. அதையும் யோசித்துக் கரடியின் நகங்களைப் பார்த்தான். அனுமதி அட்டையை எழுதிக் கொடுத்தான்.

இதை வேடிக்கை பார்த்த விருந்தாளி யானைகளுக்கு இந்த ஆட்டம் மிகவும் பிடித்துவிட்டது; நடக்க வேண்டியதில்லை. அந்த வாரமே ரிசார்ட் மைதானத்தை முப்பத்தாறு அடியாகச் சுருக்கி, வேலியையும் சுருக்கியது. பலாமரம் வெளியே வந்துவிட்டது. மரத்தடியில் குரங்கு முதல் அணில் வரை கூட்டம்.

கெம்பையன் கழுத்தில் அட்டையுடன் போய் நின்றான். அட்டை இல்லாதவர்கள் எல்லாம் தின்கிறார்களே, கேட்க ஆளில்லையா என்றான்.

“இருங்கண்ணே, வேலியை மறுபடி போடச் சொல்லிட்டு வரேன்” என்றான் மூக்கன், வாய் நிறையச் சுளையுடன்.

கெம்பையன் மரத்தை நெருங்கினான். ஒரு பழத்தைத் தட்டினான். காது வைத்துக் கேட்டான். இன்னொன்றைத் தட்டினான். இது பழுத்தது என்று, பக்கத்தில் யாரோ கேட்டதுபோல, சொல்லிக்கொண்டான்.

நீதி: உண்மையான நண்பன் உனக்குக் குழி பறிப்பான். அளந்து பறிக்கிறானா என்று மட்டும் பார்த்துக்கொள்.