அமைதி! உள்ளே பல்லி

அக்கறைசாலிகள் என்று ஓர் இனம் உண்டு. அன்பு வைப்பவர்கள் வேறு, இவர்கள் வேறு. அன்பு வைப்பவன் சோற்றை வைத்துவிட்டுப் போய்விடுவான். அக்கறைசாலியோ சோற்றை வைத்துவிட்டு, சாப்பிடுகிறாயா, ஏன் சாப்பிடவில்லை, நான் பார்ப்பதால்தான் சாப்பிடவில்லையா, சரி, பார்க்கவில்லை, இப்போது சாப்பிடுகிறாயா என்று விரல் இடுக்கு வழியே பார்த்துக்கொண்டே இருப்பான். எல்லா ஊரிலும் இவர்கள் இருக்கிறார்கள். முழு உருவத்தில் பார்க்க வேண்டுமானால் ஓல்டன்பர்க் நகரத்துக்கு வந்து, மூன்றாவது மாடியில் எகெர்ட் ஹார்ம்ஸ் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். மெதுவாகத் தட்டுங்கள். உள்ளே பல்லி இருக்கிறது.

பல்லிக்குப் பெயர் சென்ஃப். கடுகுச் சாந்தின் நிறம், ஆகவே அந்த ஊர் மொழியில் கடுகுச் சாந்தின் பெயர். சுவரில் ஓடி, துடைப்பத்துக்குத் தப்பி, நல்ல காரியம் பேசும்போது சத்தம் கொடுக்கும் பல்லி அல்ல இது. உடம்பெல்லாம் சிறுத்தைப் புள்ளி, இமைத்துப் பார்க்கும் கண், கொழுப்பைச் சேர்த்து வைக்கும் பருத்த வால். வாசம் கண்ணாடிப் பெட்டியில். ஒரு மூலை சூடு, ஒரு மூலை குளிர்ச்சி, ஒளிந்துகொள்ள மூன்று குகைகள். இரண்டு வருடம் அது தின்றது, தூங்கியது, தோலை உரித்தது, யாரையும் லட்சியம் செய்யவில்லை. பல்லிக்கும் மன உளைச்சல் வரும் என்று எகெர்ட் ஒரு புத்தகத்தில் படித்தார். அன்றோடு முடிந்தது அதன் நிம்மதி.

அடையாளங்கள் ஐந்து என்றது புத்தகம். இரை எடுக்காது. குகையை விட்டு வராது. நிறம் மங்கும். கண்ணாடியைப் பிறாண்டும். வால் மெலியும். மிகவும் மிரண்டால் வாலையே கழற்றிப் போட்டுவிடும். எகெர்ட் நில அளவை அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருடம் அளந்தவர், அளக்காமல் இருப்பாரா? குகையிலேயே பதுங்கியிருக்கிறதா என்று பார்க்கக் குகையைத் தூக்கினார். நிறம் மங்கிவிட்டதா என்று பார்க்க, பெயின்ட் கடை வண்ண அட்டையைப் பக்கத்தில் பிடித்து டார்ச் அடித்தார். வால் மெலிந்ததா என்று நூல் சுற்றி அளந்தார். காலையும் மாலையும் சமையலறைத் தராசில் வைத்து நிறுத்தார். எல்லாம் அது பயப்படாமல் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளத்தான்!

சென்ஃப் சாப்பிடுவதை நிறுத்தியது. பதினேழு நாள். அறுபத்தொரு கிராம் ஐம்பத்து நான்கானது. வால் உண்மையாகவே மெலிந்தது. இதைச் சொல்லும்போது சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் எகெர்டுக்கு அந்தப் பல்லி என்றால் உயிர். அதைத் தூக்கிக்கொண்டு நேரே கால்நடை வைத்தியரிடம் ஓடினார்.

வைத்தியர் பல்லியின் வாயைத் திறந்து பார்த்தார், வயிற்றைத் தடவினார், பெட்டியின் படத்தைப் பார்த்தார். "நோய் ஒண்ணும் இல்ல. சூடு சரியா இருக்கு, குகையும் இருக்கு. இதுக்கு அமைதிதான் வேணும். ரெண்டு வாரம் நிம்மதியா விடுங்க. இப்படியே போனா வால் மிஞ்சாது, அப்புறம் பல்லியும் மிஞ்சாது" என்றார்.

இங்கேதான் எகெர்ட் தன் நாட்டுக்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறைச் செய்தார். இந்த ஊரில் அமைதி என்பது மனநிலை அல்ல, கால அட்டவணை. மதியம் ஒன்று முதல் மூன்று வரை என்று குடியிருப்பு விதிகளில் எழுதி, மாடிப்படியடியில் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது. அந்த நேரத்தில் சுவரில் ஆணி அடித்தவனுடன் ஆறு மாதம் யாரும் பேச மாட்டார்கள். ஆகவே வைத்தியர் சொன்ன அமைதி அக்கம்பக்கத்தார் தர வேண்டியது என்பதில் எகெர்டுக்குச் சந்தேகமே எழவில்லை. 'அமைதி! உள்ளே உடல்நலம் குன்றிய பல்லி' என்று அச்சடித்து, பிளாஸ்டிக் உறை போட்டு, அந்த விதிகளுக்குப் பக்கத்தில் தொங்கவிட்டார். பிறகு வீடு வீடாக மணி அடித்து, யாரும் மணி அடிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

இரண்டு நாள் கழித்து, கீழ் வீட்டு வியூபெனா அம்மாள் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு மேலே வந்தார். இங்கே பக்கத்து வீட்டுச் சத்தத்தைத் தேதி, நேரம் போட்டு எழுதி வைப்பது பண்புள்ள பெண்மணிகளின் வழக்கம்.

"ஹார்ம்ஸ் சார், உங்க போர்டைப் படிச்சேன். நியாயமான போர்டு. யாரு சத்தம் போடறாங்கன்னு நானும் குறிச்சு வச்சிருக்கேன்."

"ரொம்ப நன்றிங்க. மேல் மாடிப் பசங்கதானே?"

"அதுங்க ஊருக்குப் போயிருக்கு. நேத்து மட்டும் கேளுங்க. ஏழு அஞ்சு, கண்ணாடி 'கிறீச்'. ஏழு இருபது, 'கிறீச்'. எட்டு மணி, 'கிறீச்', ஏதோ தூக்கி வைக்கிற சத்தம், 'பயப்படாதடா கண்ணு'ன்னு ஒரு ஆம்பளைக் குரல். மதியம் அமைதி நேரத்துல மட்டும் நாலு தடவை. மொத்தம் இருபத்தாறு."

எகெர்ட் நோட்டை வாங்கி, ஒருமுறை கூட்டிப் பார்த்தார். இருபத்தாறு சரியாகவே இருந்தது.

"எனக்குப் பல்லியைப் பத்தித் தெரியாது" என்றார் வியூபெனா அம்மாள். "ஆனா ஒருத்தர் ஒரு நாளைக்கு இருபத்தாறு தடவை என் வீட்டுக் கூரையைத் தூக்கிப் பாத்தா, எனக்கும் காப்பி இறங்காது."

அவர் போனதும் எகெர்ட் பெட்டிக்கு ஓடினார். எதற்கு? மன்னிப்புக் கேட்க! கண்ணாடி 'கிறீச்' என்றது. சென்ஃப் திரும்பிப் பார்த்து, வாலை மேலே தூக்கி, மெதுவாக இப்படியும் அப்படியும் ஆட்டியது. அடுத்த கட்டம் வால் போய்விடும் என்று அவருக்குத் தெரியும். கை நடுவில் நின்றது. அவர் வாழ்க்கையில் முதல்முறையாக, பார்க்காமல் பின்வாங்கினார்.

பல்லி இருந்த அறையின் சாவியை மனைவி ஆன்கெ எடுத்துக்கொண்டாள். ஒன்றுவிட்டொரு நாள் சாயங்காலம் இரண்டு வெட்டுக்கிளிகளை விட்டு, தண்ணீர் மாற்றி, வாய் திறக்காமல் வெளியே வந்துவிடுவாள். எகெர்ட் வரவேற்பறையில் உட்கார்ந்தார். ரொட்டியைத் தொடவில்லை. முகம் வெளுத்தது. சோபா மூலையை விட்டு எழுந்தால், அறையின் கண்ணாடிக் கதவைச் சுரண்டத்தான் எழுந்தார்.

ஆன்கெ அவருடைய பட்டியலையே எடுத்து வைத்துக்கொண்டு சொன்னாள்: "சாப்பிடல. மூலையில பதுங்கல். நிறம் போச்சு. கண்ணாடியைப் பிறாண்டுற. அஞ்சுல நாலு. வால் இல்லாததுனால தப்பிச்ச, எகெர்ட்."

"நாந்தான் அதைக் கொன்னுடப் பாத்தேன், இல்ல?"

"கொல்லல. தொல்லை பண்ணின. இப்ப அதை விட்டுட்டுச் சாப்பிடு."

ஒன்பதாம் நாள் அவள் வெளியே வந்து இரண்டு விரலைக் காட்டினாள். இரண்டு வெட்டுக்கிளியும் காலி. எகெர்ட் அழுதுவிட்டார். பாதி சந்தோஷம். மீதிப் பாதி, தன்னைக் கேட்காமல் தின்றுவிட்டதே என்ற வருத்தம்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். விடுதியில் இருக்கும் மகளுக்கு இன்று எத்தனை முறை போன் போட்டீர்கள்? "ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கு?" என்று கேட்டுக் கேட்டு, குரலை ஒரு மாதிரி ஆக்கியது யார்? தூங்கும் கணவர் நன்றாகத் தூங்குகிறாரா என்று எழுப்பிக் கேட்டது யார்? நான் உங்களைக் குறை சொல்ல வரவில்லை. இதை எழுதுவதற்குள் நானே நான்கு முறை எழுந்து போய், ஜன்னலோரச் செடியைப் பிடுங்கி, வேர் பிடித்துவிட்டதா என்று பார்த்துவிட்டு வந்தேன். பிடிக்கவில்லை.

அதனால், என் இனத்தவர்களே, புத்திமதியெல்லாம் பிறகு பார்க்கலாம். முதலில் கையில் இருக்கும் குகையைக் கீழே வையுங்கள்.