கரடிக்குப் பின்னால் வெளிச்சம்

கரடி கதவோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

கதவு பழுப்பு. கரடியும் பழுப்பு. திரையில் இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

“என்ன லைட்டு, கதவுக்கு மூக்கு முளைச்சிருக்கு?” என்றார் சூப்பர்வைசர்.

அந்த அனிமேஷன் நிலையத்தில் அவனுக்கு லைட்டு என்றுதான் பெயர். கரடி ஒருவரிடமிருந்து வரும், அறை இன்னொருவரிடமிருந்து வரும். கணினியில் அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, வெளிச்சமும் நிழலும் போட்டு ஒரே காட்சியாக்குவது அவன் வேலை. அறைக்குள் பகலா இரவா என்பதுகூட அவன் மேசைக்கு வந்த பிறகுதான் முடிவாகும்.

அவன் வேலைதான் இன்னும் முடிவாகவில்லை. ஒப்பந்தம் அன்றோடு தீர்கிறது.

“இந்த ஷாட் பாஸானா நீ நிரந்தரம்,” என்று சூப்பர்வைசர் காலையிலேயே சொல்லியிருந்தார். “இல்லன்னா, நல்ல பையன் நீ. எங்க போனாலும் பொழச்சுக்குவ.”

ஷாட்டில் கரடி கதவுப் பக்கமிருந்து நம்மை நோக்கி வருகிறது. இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, கண்களை அகல விரித்து, அடிமேல் அடி வைக்கிறது. கடைசியில் ஒரு தூணில் நெற்றி பட நிற்கிறது. அவ்வளவுதான். அதற்கு முன்னால் என்ன, பின்னால் என்ன என்று நிலையத்தில் ஒருவருக்கும் தெரியாது. கதை வெளியே கசிந்துவிடும் என்று படக் கம்பெனி துண்டு துண்டாகத்தான் வேலை அனுப்பும். அதுவும் ஊமையாக. படம் தயாரான பிறகுதான் குரல்.

லைட்டு கரடியின் ஓரங்களில் மெல்லிய வெளிச்சக் கோடு ஒன்றைப் போட்டான். கரடி கதவிலிருந்து கழன்று வந்தது.

“ஆஹா,” என்றார் சூப்பர்வைசர். பிறகு தாடையைச் சொறிந்தார். “பின்னாலேர்ந்து வெளிச்சம் விழுது. சரி. கதவு மூடியிருக்கே. எங்கேர்ந்து விழுது?”

லைட்டு பின்னணி வரையும் அக்காவிடம் போனான்.

“மூடின கதவு கேட்டாங்க, மூடி வரைஞ்சேன்,” என்றாள் அக்கா. “இப்ப தொறக்கணுமா? அந்தக் கரடிகிட்டயே சொல்லித் தொறக்க வேண்டியதுதானே?”

ஆனாலும் வரைந்து கொடுத்தாள். திறந்த கதவுக்கு வெளியே லைட்டு சூரியனை வைத்தான். அறை பளீரென்று ஆனது. கரடியின் முகம் அடுப்புக்கரி ஆனது.

“மூஞ்சி எங்கடா?”

“எதிர்வெளிச்சம் சார். கறுப்பாத்தான் தெரியும்.”

“குழந்தைங்க பாக்கற படம். மூஞ்சி இல்லாத ஒண்ணு கதவத் தொறந்துக்கிட்டு வந்தா எந்தக் குழந்தை ராத்திரி தூங்கும்? உன் புள்ளையா இருந்தா காட்டுவியா?”

கைபேசி அடித்தது. மனைவி.

“என்னங்க, ஆச்சா?”

“இன்னும் இல்ல.”

“அப்பா வந்திருக்கார். நிரந்தரம் ஆயிடுச்சுன்னு சொல்லிட்டேன்.”

“எதுக்குடி சொன்ன?”

“வேற என்ன பண்றது? மாப்பிள்ளைக்கு என்ன வேலைன்னு கேட்டார். கரடிக்குப் பின்னால வெளிச்சம் போடறார்னேன். எந்த சர்க்கஸ்லன்னு கேட்டார்.”

லைட்டு அறையின் முன்பக்கம் ஒரு மேசை விளக்கை வைத்தான். முகம் தெரிந்தது. கூடவே, முன்னால் ஒரு நிழலும் பின்னால் ஒரு நிழலும் விழுந்தன.

“ஒரு கரடிதானே வருது? கூட யாரு?” என்றார் சூப்பர்வைசர்.

இரண்டு நிழல்களையும் அழித்தான். கரடி தரையைவிட்டுக் கிளம்பிவிட்டது.

“இப்ப பறக்குது.”

காலடி தெரியாமலிருக்கக் கொஞ்சம் புகை போட்டான்.

“வீடு பத்திக்கிச்சா?”

புகையை மேலே தூக்கி, சூரியக் கதிர்களோடு கலந்து, நடுவில் தூசி மினுங்கவிட்டான். தூசி கொசுவைப் போலிருந்தது. தங்க நிறம் கொடுத்தான். தங்கக் கொசு ஆனது. சூப்பர்வைசர் கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கினார். லைட்டுக்கு மாமனாரின் முகம் கண்ணில் தெரிந்தது, போதுமான வெளிச்சத்தோடு.

அவன் கொசுக்களைப் பெரிதாக்கி, மங்கலாக்கி, வெளிச்ச உருண்டைகளாக மிதக்கவிட்டான். விளக்கைத் தூக்கிப் போட்டான். முகத்துக்குக் கதிர்களிலிருந்தே கொஞ்சம் ஒளி எடுத்துப் பூசினான். சூரியனை நகர்த்தி நகர்த்தி, கரடி தூணில் நெற்றி வைக்கும் அந்தக் கணத்தில் தலைக்கு நேர் பின்னால் வரும்படி நிறுத்தினான்.

சூப்பர்வைசர் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“லைட்டு.”

“சார்.”

“இது கரடி இல்லடா. ஆத்மா. கையை ஏந்திக்கிட்டு வெளிச்சத்தைத் தேடி வருது பாரு.”

“வெளிச்சம் அதுக்குப் பின்னால இருக்கு சார். அது முன்னால வருது.”

“அதான்டா ஆழம்!”

ஷாட் பாஸானது. நாளைக் காலை நிரந்தர உத்தரவு, முதலாளியிடம் சொல்லியாகிவிட்டது என்றார் சூப்பர்வைசர். லைட்டு மனைவியை அழைத்தான்.

“நெஜமாவே ஆயிடுச்சு.”

“அப்பாடா. அப்ப நான் பொய் சொல்லல.”

மாலையில் கரடிக்குக் குரல் கொடுக்கும் அம்மா வந்தார். படக் கம்பெனி வசனத்தை அவரிடம் மட்டும் நேரில் சொல்லி அனுப்பியிருந்தது. ஒலிப்பதிவு அறையில் கூட்டம் கூடிவிட்டது. முதலாளியே வந்து நின்றார். சூப்பர்வைசர் லைட்டின் தோளில் கை போட்டுக்கொண்டார்.

திரையில் தங்கம் பொழிந்தது. கரடி கைகளை நீட்டி வந்தது. தூணில் நெற்றி வைத்தது. சூரியன் அதன் தலைக்குப் பின்னால் தகதகத்தது.

அந்த அம்மா திரையை உற்றுப் பார்த்தார்.

“இன்னொரு தடவை போடுங்க,” என்றார்.

போட்டார்கள்.

“எனக்கே மொதல்ல அப்படித்தாம்மா தொண்டை அடைச்சுது,” என்றார் சூப்பர்வைசர்.

“ஷாட் இதுதானா?”

“இதேதான்.”

“மாத்தி கீத்தி அனுப்பிடலையே?”

“வசனம் மறந்துபோச்சா?” என்றார் முதலாளி.

“அதெல்லாம் மறக்கல.”

“அப்புறம் என்ன? பேசுங்க.”

அந்த அம்மா எல்லாரையும் ஒருமுறை பார்த்தார். பிறகு மைக்கின் பக்கம் குனிந்து, கரடியின் குரலில் சொன்னார்:

“ஐயோ, கரண்ட் போயிடுச்சே! ஒரே இருட்டு, என் கையே எனக்குத் தெரியல, யாராவது ஒரு விளக்கு கொண்டு வாங்களேன்!”